77 வயதில் கொலஸ்ட்ரோல் மாத்திரையைப் புதிதாகத் தொடங்க வேண்டுமா?

வெள்ளவத்தை ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 77 வயது. மாரடைப்போ பாரிசவாதமோ இதுவரை வந்ததில்லை. நீரிழிவும் இல்லை, புகைப்பழக்கமும் இல்லை. இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மில்லிகிராம் மட்டும் நெடுங்காலமாக எடுத்து வருகிறேன். காலையில் மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டி வரை நடந்து திரும்ப முடிகிறது. சென்ற மாதம் செய்த இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கொலஸ்ட்ரோல் 246, கெட்ட கொலஸ்ட்ரோல் எனப்படும் எல்.டி.எல். 162, நல்ல கொலஸ்ட்ரோல் எனப்படும் எச்.டி.எல். 52, ட்ரைகிளிசரைட் என்ற இரத்தக் கொழுப்பு 160 என்று வந்தது. டொக்டர் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் 10 மில்லிகிராம் எழுதித் தந்துவிட்டு, அவசரமில்லை, வீட்டில் பேசி முடிவெடுங்கள் என்றார்.

வீட்டில் பேசியதில்தான் குழப்பம் கூடியது. ரொறன்ரோவிலுள்ள மகன் இன்றே தொடங்குங்கள் என்கிறான். என் தங்கையோ, இதே மாத்திரையால் கால் உளைவு வந்து நிறுத்தியவர். தொடவே வேண்டாம் என்கிறார். இந்த வயதில் புதிதாகத் தொடங்குவதால் உண்மையில் எனக்குக் கிடைப்பது என்ன, இழக்கக்கூடியது என்ன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தெஹிவளை, ஓய்வுபெற்ற மருத்துவர்:

ஐயா, உங்கள் மகனும் தங்கையும் இருவருமே பாதி சரி. இந்த விஷயத்தில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது வயதை அல்ல. இரத்தக்குழாய் நோய் ஏற்கெனவே இருக்கிறதா இல்லையா என்பதைத்தான். மாரடைப்பு வந்தவர், இருதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர், பாரிசவாதம் கண்டவர் என்றால் 80 வயதிலும் இந்த மாத்திரையால் பலன் உண்டு என்று தயங்காமல் சொல்வேன். உங்களைப் போல நோய் எதுவும் வெளிப்படாதவர் 75 வயதைத் தாண்டிய பின் புதிதாகத் தொடங்குவது வேறு கேள்வி. அதற்கான ஆதாரம் மெலிந்தது.

2019இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு இந்த வகை மாத்திரைகளைப் பற்றிய 28 சோதனைகளில் பங்கேற்ற 1,86,854 பேரின் விவரங்களை ஒன்றாக ஆராய்ந்தது. அவர்களுள் 75 வயதுக்கு மேற்பட்டோர் 14,483 பேர் மட்டுமே. எல்.டி.எல். டெசிலீட்டருக்கு ஏறத்தாழ 39 மில்லிகிராம் குறையும்போது மாரடைப்பு, பாரிசவாதம் போன்ற பெரும் நிகழ்வுகள் எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்க்கையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் நோய் இல்லாத முதியவர்களை மட்டும் தனியே எடுத்தபோது அந்தப் பலன் உறுதியாகத் தெரியவில்லை. பலன் இல்லை என்று நிரூபணமானதாக இதைப் படிக்கக் கூடாது. ஆட்கள் போதவில்லை என்பதே பொருள். அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழுவும் 2022இல், 76 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குப் புதிதாகத் தொடங்கும்படியோ வேண்டாம் என்றோ பரிந்துரைக்க ஆதாரம் போதாது என்றே முடிவு செய்தது. உங்கள் டொக்டர் அவசரப்படுத்தாதது அதனால்தான். அவரை நான் மெச்சுகிறேன்.

காலக் கணக்கு ஒன்றும் உண்டு. 50 முதல் 75 வயது வரையுள்ள, நோய் இல்லாதவர்களைப் பற்றிய ஆய்வொன்றின்படி, 100 பேர் சுமார் இரண்டரை ஆண்டுகள் தொடர்ந்து எடுத்தால் அவர்களுள் ஒருவருக்கு ஒரு பெரிய இருதய நிகழ்வு தவிர்க்கப்படுகிறது. இது சேமிப்பைப் போலப் பின்னால் பலன் தரும் மருந்து. அடுத்த மாதம் உடம்பில் எதையும் உணர மாட்டீர்கள். நாள்தோறும் நடக்கும் உங்களுக்கு முன்னால் பல நல்ல ஆண்டுகள் இருக்கலாம் என்பதால், என் மனம் தொடங்கிப் பார்க்கும் பக்கமே சற்றுச் சாய்கிறது. உடல் மிகத் தளர்ந்தவராகவோ கடும் நோயால் படுக்கையில் இருப்பவராகவோ இருந்தால் நேர்மாறாகச் சொல்லியிருப்பேன்.

அதற்கு முன்பு தைரொயிட் பரிசோதனை செய்தாயிற்றா என்று கேளுங்கள். தைரொயிட் சுரப்பு குறைந்தாலே கொலஸ்ட்ரோல் ஏறும். அதைக் கவனிக்காமல் மாத்திரை கொடுத்தால் தசைவலி வரும் வாய்ப்பும் கூடும். ஈரல் பரிசோதனையும் சர்க்கரை அளவும் குறிப்பில் இருக்கட்டும், ஏனெனில் இந்த மருந்து சர்க்கரையைச் சிறிதளவு உயர்த்தக்கூடும்.

கொட்டாஞ்சேனை மருந்தாளர்:

டொக்டர் ஐயா சொன்னவற்றோடு இரண்டு விஷயங்கள். ஐயா அம்லோடிபின் எடுப்பதால் இதே வகை மாத்திரையான சிம்வாஸ்டாட்டினுக்கு மாற நேர்ந்தால் அது ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினுக்கு அந்த வரம்பு இல்லை. ஆனால் நெஞ்சுச் சளிக்கோ வேறு தொற்றுக்கோ கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக்கை எழுதினால் இந்த மாத்திரை எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள், பெரும்பாலும் அந்த நாட்களில் இதை நிறுத்தி வைப்பார்கள். மருந்துக்கடைக்கு வருவோர் பலர் பழைய மாத்திரை அட்டையின் ஒரு துண்டை மட்டும் நீட்டுவார்கள். பெயர் இருக்கும் பக்கம் கிழிந்து போயிருக்கும். எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய ஒரு தாளைச் சட்டைப்பையில் வைத்திருப்பது எவ்வளவோ மேல்.

கால் உளைவைப் பற்றி: 2020இல் வெளியான ஓர் ஆய்வில், தசைவலி போன்ற தொல்லைகளால் இந்த மருந்தை நிறுத்திய 60 பேருக்குச் சில மாதம் உண்மை மாத்திரையும், சில மாதம் அதேபோல் தோன்றும் வெற்று மாத்திரையும், சில மாதம் எதுவுமின்றியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாத்திரை இல்லாத மாதங்களில் தொல்லை குறைந்தது. ஆனால் வெற்று மாத்திரையிலும் உண்மை மாத்திரையிலும் ஏறத்தாழ ஒரே அளவு இருந்தது. தங்கையாரின் வலி பொய் என்று இதற்குப் பொருளில்லை. வலி மெய், காரணம் எப்போதும் மருந்தின் இரசாயனமாக இருப்பதில்லை. ஆனால் கடும் தசைவலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்தி வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது அரிது, ஆனால் காத்திருக்கக் கூடியதல்ல.

பம்பலப்பிட்டி மகள்:

இதை வாசிக்கும் வேறு சிலருக்காக எழுதுகிறேன். என் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்துப் பல வருடங்களாகின்றன, அரசாங்க வைத்தியசாலை கிளினிக்கில்தான் மாத்திரை வாங்குகிறோம். 80 வயதானதும் இனி எதற்கு என்று உறவினர் ஒருவர் சொல்ல, அப்பாவும் நிறுத்த எண்ணினார். கிளினிக் டொக்டர் அதை உறுதியாக மறுத்தார். பிரான்ஸில் 75 வயதை அடைந்த 1,20,000 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், அதுவரை எடுத்த மாத்திரையை நிறுத்தியவர்கள் இருதய, இரத்தக்குழாய் நோயால் வைத்தியசாலையில் சேரும் ஆபத்து மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்ததாக அவர் சொன்னார். தொடங்குவதா என்ற கேள்விக்குரிய விடையை எடுத்து நிறுத்துவதா என்ற கேள்விக்குப் போட்டுவிட வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

உணவில், நாங்கள் கறிக்குத் தேங்காய் முதற்பால் விடுவதைக் குறைத்தோம். சொதியை முற்றாக விடச் சொன்னால் அப்பா கேட்டிருக்கவே மாட்டார்.

வெள்ளவத்தை ஆசிரியர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தைரொயிட் பரிசோதனை எனக்குச் செய்யப்படவில்லை. அதை இந்த வாரம் செய்வித்து, ஈரல், சர்க்கரை முடிவுகளோடு டொக்டரிடம் போகிறேன். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று மாதம் எடுத்துப் பார்த்து, மறுபடி இரத்தம் சோதித்து, கால்களில் ஏதும் தொல்லை உண்டா என்பதையும் கவனித்து, தொடர்வதா என்று அப்போது தீர்மானிக்கலாம் என எண்ணுகிறேன். இந்தக் கால அளவு பொருத்தமா, டொக்டர் ஐயா?

தெஹிவளை, ஓய்வுபெற்ற மருத்துவர்:

பொருத்தமே. எல்.டி.எல். எவ்வளவு இறங்கியது என்பது 6 முதல் 12 வாரங்களுக்குள் தெரிந்துவிடும். 10 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்குவது வழக்கம். தொடங்குவதற்கு முந்திய வாரமே உங்கள் கால்களில் இருக்கும் வலி, உளைவு எதுவானாலும் குறித்து வையுங்கள். பிறகு வருவதை அதோடு ஒப்பிட்டுத்தான் மருந்தைக் குறை சொல்வதா என்று தீர்மானிக்க முடியும்.