மறு: சிக்னலிங் பாத்வே – ‘சமிக்ஞைப் பாதை’ போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

கொரோனா மருந்துகள் பற்றிய கட்டுரைத் தொகுப்புக்காகத் தொடங்கிய இழை, ‘சிக்னலிங் பாத்வே’க்கு, அதாவது வெளியிலிருந்து வரும் தூண்டல் செல்லுக்குள் படிப்படியாகச் செயலாக மாறும் தொடர்நிகழ்வுக்கு, தமிழில் என்ன பெயர் என்ற கேள்வியில் ‘சமிக்ஞைப் பாதை’, ‘தூதுத் தொடர்’, ‘குறிகை’ என்ற மூன்று சொற்களைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிறது. எல்லா மடல்களையும் படித்தேன். எனக்குத் தோன்றுவதை ஒரே மடலில் எழுதிவிடுகிறேன். நீளத்தைப் பொறுத்தருள வேண்டும்.

> ‘சமிக்ஞைப் பாதை’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும், நாளிதழ்களுக்கும் வசதி.

சமிக்ஞை வடசொல் என்பதற்காக நான் அதை மறுக்கவில்லை. அந்தச் சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்வோம். என் மறுப்பெல்லாம் ‘பாதை’யின் மேல்தான். பாதை என்றால் அதில் ஏதோ ஒன்று இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்துபோக வேண்டும். செல்லுக்குள் அப்படி நடந்துபோகும் பொருள் எதுவும் இல்லை.

இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைனைப் பாருங்கள். சைட்டோகைன் என்பது நோயெதிர்ப்பு செல்கள் ஒன்றையொன்று தூண்ட வெளியிடும் புரதம். கொரோனா முற்றிய நோயாளியின் இரத்தத்தில் எகிறிக் கிடப்பது இதுதான். இது செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியை (ரிசெப்டர்) பற்றுகிறது. ஏற்பியின் உட்பக்க வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஜேக் (ஜேனஸ் கைனேஸ்) நொதிகள் உடனே விழித்து, ஒன்றன்மேல் ஒன்றும் ஏற்பியின்மேலும் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அந்தப் பாஸ்பேட்டை அடையாளம் கண்டு ஸ்டாட்-3 என்ற புரதம் வந்து அமர, அதன்மேலும் பாஸ்பேட் ஏறுகிறது. அப்படி ஏறிய இரண்டு ஸ்டாட்கள் இணைந்து உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. உட்கருவுக்குள் போனது ஸ்டாட். இன்டர்லூக்கின் வாசலோடு சரி. கலெக்டர் ஒரு ஆணை போடுகிறார், அதைப் பார்த்துத் தாசில்தார் தம் பங்குக்கு ஒன்று போடுகிறார், கடைசியில் ஊருக்கு வந்து நிற்பவர் கிராம நிர்வாக அலுவலர். கலெக்டர் போட்ட காகிதம் ஊருக்கு வருவதேயில்லை. ஒரு கலெக்டருக்குக் கீழே எத்தனை கிராம அலுவலர்கள் என்று எண்ணினால், சிறு தூண்டல் எப்படிப் பெரிதாகிறது என்பதும் விளங்கிவிடும்.

மருந்து இந்தத் தொடரில் எங்கே கைவைக்கிறது என்பதுதான் கட்டுரைத் தொகுப்பின் சாரம். டோசிலிசுமேப் ஏற்பியிலேயே உட்கார்ந்து இன்டர்லூக்கினை அண்டவிடாது. பாரிசிட்டினிப் அதற்கு ஒரு படி கீழே, ஜேக்-1, ஜேக்-2 நொதிகளைத் தடுக்கிறது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து தனக்கென உள்ள ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குள்ளேயே அழற்சி மரபணுக்களை அடக்குகிறது. மூன்றுக்கும் பிரித்தானியாவில் கொரோனா நோயாளிகளிடம் நடந்த ‘ரிகவரி’ என்ற மருந்தாய்வில் பலன் தெரிந்தது. டோசிலிசுமேப் பெற்றவர்களில் 31 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 35 விழுக்காட்டினரும் 28 நாள்களுக்குள் இறந்தனர். பாரிசிட்டினிப்பில் இதே கணக்கு 12-க்கு 14. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆனால் இந்த நோயாளிகளில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு படியில் அடக்கிய பிறகும் இன்னொரு படியில் அடக்க இடம் இருந்திருக்கிறது. ‘பாதையை அடைத்தல்’ என்று எழுதினால் இதை எப்படி விளக்குவது? ஓரிடத்தில் அடைத்த பாதையை இன்னோரிடத்திலும் அடைத்து என்ன பயன் என்றுதான் வாசகர் கேட்பார்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிது. வைரசை எதிர்த்து உடல் முதலில் கிளப்பும் இன்டர்ஃபெரானும் இதே ஜேக்-ஸ்டாட் வழியாகத்தான் வேலை செய்கிறது. கடுமையாக நோயுற்றவர்களில் சுமார் 10 விழுக்காட்டினரின் உடலில், தம் சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் (ஆன்டிபாடி) இருந்ததை 2020-இல் கண்டறிந்தார்கள். இன்டர்ஃபெரான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுவே சான்று. ஆக, முதல் சில நாள்களில் நம்மைக் காப்பதும் பத்தாம் நாள் நுரையீரலைக் கெடுப்பதும் ஒரே நொதிகள். டெக்சாமெத்தசோன் கதையும் இந்த வகைதான். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41 விழுக்காட்டிலிருந்து 29-க்கு இறங்கியது. ஆக்சிஜனே தேவைப்படாதவர்களுக்கு அது எந்த நன்மையும் செய்யவில்லை. இரண்டாம் அலையில் லேசான காய்ச்சலுக்கே ஸ்டீராய்டு வாங்கி விழுங்கியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! கலைச்சொல் அவர்களைத் தடுத்திருக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் தமிழில் இதை விளக்கி எழுத முனைந்தவருக்குச் சொல் கையில் இருந்திருக்கலாம்.

> ‘தூதுத் தொடர்’ அழகாக இருக்கிறதே.

அழகுதான். ஆனால் தூது ஏற்கெனவே எம்.ஆர்.என்.ஏ.-வுக்குப் போய்விட்டது. ‘தூது ஆர்.என்.ஏ.’ பாடநூல்களில் நிலைத்த சொல். அதே தொகுப்பில் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி பற்றி ஒரு கட்டுரை வரப்போகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவரின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

சிக்னல் என்பதற்கு ஈடான ‘குறிகை’க்கு நான் பாதி மனத்தோடு வாக்களிப்பேன். மின்னணுவியலில் அது நன்றாக ஊன்றிவிட்டது. இந்தத் துறையின் ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். ஏற்பியின் தூண்டலைச் செல்லுக்குள் கடத்தும் ஜி-புரதங்களுக்காக 1994-இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மார்ட்டின் ராட்பெல், இரண்டாம் உலகப்போரில் கடற்படையில் வானொலிக் கருவியை இயக்குபவராக இருந்தவர். செல்லையும் ஒரு தகவல்தொடர்புக் கருவியைப் போலவே பிரித்துப் பார்த்தார். ஆகவே பொறியாளர்கள் உரிமை கொண்டாடுவதில் நியாயம் இருக்கிறது. என் தயக்கம் ஒன்றுதான்: குறிகை தகவலைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. ஜேக், ஸ்டாட்டுக்குத் தகவல் தெரிவித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. அதைச் செயலில் இறக்குகிறது.

எனவே என் முன்மொழிவு: ஏவல்தொடர். ஏவுதல் என்றால் ஒன்றைச் செய்யும்படி முடுக்கிவிடுதல். ‘ஜேக்-ஸ்டாட் ஏவல்தொடர்’, ‘ஏவல்தொடர்த் தடுப்பான்’, ‘ஏவல்தொடரின் மூன்றாம் படி’ என்று வேற்றுமை உருபோடும் தொகையாகவும் இடறாமல் வருகிறது. பல தொடர்கள் பின்னிக் கிடப்பதைச் சொல்ல ‘ஏவல்வலை’ இருக்கிறது. வைரஸ் செய்யும் அட்டூழியத்துக்கும் இது பொருந்துகிறது. 2020-இல் குரங்குச் சிறுநீரக செல்களில் இந்த வைரசைத் தொற்றவைத்துப் பாஸ்பேட் ஏற்றங்களை அளந்தார்கள். பி-38 என்ற கைனேசின் (பாஸ்பேட் ஏற்றும் நொதியின்) தொடரை வைரஸ் தூண்டிவிட்டிருந்ததும், கேசீன் கைனேஸ்-2 என்ற இன்னொரு கைனேசைத் தன் பக்கம் இழுத்திருந்ததும் தெரிந்தது. செல்லின் ஏவலாள்களைக் கொண்டே வைரஸ் தன் வேலையை முடித்துக்கொள்கிறது என்று எழுதலாம், மிகையில்லை.

ஏவல் என்றதும் பில்லி, சூனியம் நினைவுக்கு வரும் என்று ஒருவர் எழுதுவார், அதற்காகக் காத்திருக்கிறேன். ஏவுகணை விண்ணுக்குப் போனபோது யாரும் மந்திரவாதியைத் தேடவில்லை. பள்ளியில் ஏவல் வினைமுற்று படித்துத்தான் எல்லோரும் வந்திருக்கிறோம்.

> கைனேசுக்கு ‘ஏவல் நொதி’, ஜேனஸ் கைனேசுக்கு ‘இருமுக நொதி’ என்று வைத்தால் ஒரே குடும்பமாக இருக்கும்.

இங்கே நிறுத்திக்கொள்வோம். கைனேஸ் என்பது பாஸ்பேட்டை ஏற்றும் நொதி, அவ்வளவுதான். சர்க்கரையின்மேல் பாஸ்பேட்டை ஏற்றும் ஹெக்சோகைனேஸ் யாரையும் ஏவுவதில்லை. ஜேனஸ் ரோமானியரின் இருமுகக் கடவுள். அந்த நொதியில் ஒன்றுபோன்ற இரு பகுதிகள் இருப்பதால் வந்த பெயர். சிறப்புப் பெயரைப் பெயர்க்கப் போனால் ஜேக் என்ற சுருக்கமும் போய்விடும், மருத்துவருக்கும் நமக்கும் இருக்கும் ஒரே பாலமும் அறுந்துவிடும்.

மருந்துப் பெயர்களில் ஒலிபெயர்ப்பாவது சீராக இருக்கட்டும். ‘மேப்’ என்று முடிந்தால் ஒற்றைமரபு எதிர்ப்பொருள் (மோனோகுளோனல் ஆன்டிபாடி), ‘சிட்டினிப்’ என்று முடிந்தால் ஜேக் தடுப்பான். ஈற்றை ஒருவர் ‘மாப்’ என்றும் இன்னொருவர் ‘மப்’ என்றும் எழுதினால் அந்தக் குறிப்பு வீணாகிறது.

மருந்து குறிவைக்கும் மூலக்கூறுக்கு ‘மருந்திலக்கு’ (டிரக் டார்கெட்) என்பதற்கு எனக்கு மறுப்பில்லை, சேர்த்து எழுதினால் போதும். பிரித்து ‘மருந்து இலக்கு’ என்றால் சுகாதாரத் துறை இத்தனை மாத்திரை வழங்க வேண்டும் என்று குறித்த அளவுபோல ஒலிக்கிறது. யாழ்ப்பாணத்து அன்பர் கேட்ட இலங்கை வழக்குகளான கலம், வாங்கி, நொதியம் மூன்றையும் சொல்லடைவில் செல், ஏற்பி, நொதி என்பவற்றுக்குப் பக்கத்திலேயே தருவோம். இரு கரைகளிலும் மாணவர்கள் படிக்கிறார்கள்.

வைரசை விட்டுவிட்டு நம் செல்லைக் குறிவைக்கும் சிகிச்சைக்கு ‘ஓம்புயிர்சார் சிகிச்சை’ என்று ஒருவர் எழுதியிருந்தார் (ஓம்புயிர் என்பது வைரசுக்கு இடம்தரும் உயிர்). அதை அப்படியே ஏற்கிறேன். வைரசின் புரதம் மாறிக்கொண்டே இருக்கும், நம்முடையது மாறாது என்பதே இதன் நம்பிக்கை. கூடவே நம் செல்லுக்கும் அது தேவைப்படும் என்பது இதன் விலை. இந்த இரண்டாவது வாக்கியமும் சொல்லடைவுக் குறிப்பில் இடம்பெற வேண்டும்.

எனக்கு அகப்படாதது ஒன்று உண்டு. ஓர் ஏவல்தொடரின் நடுப்படி இன்னொரு தொடருக்குள் தலையிடுவதைத் துறையினர் ‘கிராஸ்டாக்’ என்கிறார்கள். ‘குறுக்குப்பேச்சு’ என்றால் அடாவடியாகத் தெரிகிறது, ‘ஊடாட்டம்’ வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘இடையேவல்’ என்று ஒன்று தோன்றியது, ஆனால் எனக்கே அதில் உறுதியில்லை. உயிரியல் கற்பிப்பவர்கள் வகுப்பில் என்ன சொல்கிறார்கள்?