ஸ்கேலுக்கு அனுமதி வாங்குவது: யாரிடம், எதை, எப்படிக் கேட்பது

மருத்துவ நூலகர்:

ஸ்கேல் என்று இங்கே சொல்வது நோயாளியின் நிலையை மதிப்பெண்ணால் அளக்கும் கேள்வித்தாளை. "அதோட பி.டி.எஃப் கூகுளில் போட்டாலே வருதே, அப்புறம் எதுக்கு அனுமதி?" ஆய்வு தொடங்குகிறவர்களிடமிருந்து முதலில் வருகிற கேள்வி இதுதான். நினைவாற்றலையும் அறிதிறனையும் சோதிக்கும் எம்.எம்.எஸ்.இ-யையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் ஆய்விதழில் வந்தது. கால் நூற்றாண்டாக வார்டுக்கு வார்டு நகலெடுத்துப் பயன்படுத்தினார்கள், யாரும் கேட்கவில்லை. 2001-ல் வெளியீட்டு உரிமை பி.ஏ.ஆர் நிறுவனத்திடம் போனது. அதற்குப் பிறகு படிவத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பழைய நகல்கள் இன்னும் இணையத்தில் கிடக்கின்றன. கிடக்கிறது என்பதற்காக உரிமை வந்துவிடாது.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது படிவத்தின் அடிக்குறிப்பை. பி.எச்.க்யூ-9 (மனச்சோர்வுக்கு), ஜி.ஏ.டி-7 (பதற்றத்துக்கு) இரண்டிலும் நகலெடுக்க, மொழிபெயர்க்க, விநியோகிக்க அனுமதி தேவையில்லை என்று அங்கேயே எழுதியிருக்கும். முதியோர் மனச்சோர்வு அளவுகோல் (ஜி.டி.எஸ்) பொதுவெளியில் இருப்பது. உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரத்தை அளக்கும் இ.க்யூ-5டி-க்கு யூரோக்வால் அமைப்பிடம் பதிய வேண்டும். மனச்சோர்வை அளக்கும் பி.டி.ஐ-2-ஐ பியர்சன் நிறுவனத்திடம் வாங்க வேண்டும். மோக்கா என்ற அறிதிறன் சோதனைக்குப் படிவம் இருந்தால் மட்டும் போதாது. பரிசோதிப்பவர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று 2019-ல் அறிவித்தார்கள். உரிமையாளர் யாரென்றே தெரியாவிட்டால் மாப்பி ரிசர்ச் டிரஸ்ட் நடத்தும் இ-ப்ரோவைட் தளத்தில் கருவியின் பெயரைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றுக்கு உரிமையாளர் யார், யாரிடம் எழுத வேண்டும் என்று அங்கே இருக்கும்.

ஒரே கேள்வித்தாளுக்கு இரண்டு வீட்டுப் பெயர் இருக்கிற சிக்கலும் உண்டு. பொது உடல்நலத்தை அளக்கும் எஸ்.எஃப்-36-ம் ராண்ட்-36-ம் கேள்விகளில் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் வலி, பொது உடல்நலம் ஆகிய இரண்டு பிரிவுகளில் மதிப்பெண் போடும் முறை வேறு. ராண்ட் வடிவம் இலவசம். எஸ்.எஃப்-36வி2-க்கு உரிமம் வேண்டும். இலவசத்தைப் பயன்படுத்திவிட்டுக் கட்டுரையில் "எஸ்.எஃப்-36வி2" என்று எழுதினால், வாங்காத உரிமத்தை நீங்களே அறிவித்த மாதிரி ஆகிவிடும்.

ஆய்வு ஒருங்கிணைப்பாளர்:

நூலகர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "உங்கள் ஸ்கேலைப் பயன்படுத்தலாமா?" என்று ஒரு வரியில் மின்னஞ்சல் போட்டால் பதில் வராது, வந்தாலும் எதிர்க்கேள்வியாக வரும். முதல் கடிதத்திலேயே இவ்வளவும் இருந்தால் பாதி வேலை முடிந்தது:

"இ.க்யூ-5டி-5எல், தமிழ் வடிவம், தாளில். நோயாளி தானே நிரப்புவது. 120 பேர், நான்கு வருகை, ஓராண்டு, ஒரே மையம். முதுநிலை ஆய்வேடு, நிறுவன நிதி எதுவும் இல்லை. கேள்விகளை ஆய்வேட்டிலோ கட்டுரையிலோ அச்சிடப் போவதில்லை."

இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் வேலை இருக்கிறது. 5எல் என்று போடாவிட்டால் 3எல்-லுக்கு அனுமதி வந்து சேரும். ஒவ்வொரு கேள்விக்கும் அதில் ஐந்து விடை நிலைகள், இதில் மூன்று; இரண்டும் தனித்தனி வடிவங்கள். "தாளில்" என்று வாங்கிய அனுமதி டேப்லெட்டுக்குச் செல்லாது. நிதி இல்லை என்று சொன்னால் பல உரிமையாளர்கள் கட்டணம் கேட்பதில்லை. பின்னால் மருந்து நிறுவனம் நிதி தர வந்தால் மறுபடி எழுதத்தான் வேண்டும்.

எண்ணிக்கையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒருவர் ஒரு தடவை நிரப்பினால் ஒன்று என்று எண்ணித்தான் பல உரிமங்களில் கட்டணம் போடுவார்கள். 120 பேர், நான்கு வருகை என்றால் 480. ஆய்வுக்குத் தகுதி பார்க்கும் தேர்வுச் சோதனையில் படிவத்தை நிரப்பிவிட்டு, பிறகு ஆய்வில் சேராதவர்களின் தாளும் கணக்கில் வரும். முன்னோட்டத்துக்குப் போன 30 தாளும் வரும். 480-க்கு வாங்கியவர் 550-ல் போய் நின்றால், நடுவழியில் திருத்த ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும்.

நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதமாவது இதற்கென ஒதுக்குங்கள். குழு ஒரு கேள்வியை நீக்கச் சொன்னால் அங்கே நின்று யோசியுங்கள். பி.எச்.க்யூ-9-ன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அது வேண்டாமென்றால் அதற்கென்றே பி.எச்.க்யூ-8 இருக்கிறது. உரிமம் போட்டு வாங்கிய கருவியில் நாமாக ஒரு கேள்வியை வெட்டினால் ஒப்பந்த மீறல். இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் என்றால் நோய் இருக்கலாம் என்று சொல்லும் வெட்டுப்புள்ளிகளும் பிறகு பொருந்தாது.

செவிலியர் ஆய்வாளர்:

மேடம், உருவாக்கிய ஆசிரியருக்கே எழுதி, "தாராளமாகப் பயன்படுத்துங்கள்" என்று அவரே பதில் போட்டால் போதாதா? பதிலே வராதவரை என்ன செய்வது?

மருத்துவ நூலகர்:

ஆசிரியர் எழுதிக் கொடுத்தாலும் உரிமை அவரிடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டுரையைப் பதிப்பாளருக்கு எழுதிக் கொடுத்திருக்கலாம், பல்கலைக்கழகத்தின் உரிம அலுவலகம் வைத்திருக்கலாம். அப்படியானால் அவருடைய பதில் ஒரு நல்ல வாழ்த்து, அவ்வளவுதான். பதில் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாகக் கேட்டுவிடுங்கள்: "இந்தக் கருவியின் பதிப்புரிமை தங்களிடமே உள்ளதா?" எதிர்ப்பக்கமும் உண்டு: பதிப்பாளரிடம் ரைட்ஸ்லிங்க் என்ற இணைய அனுமதிச் சேவை வழியாகப் பணம் கட்டி வாங்குவது பெரும்பாலும் கட்டுரையின் அட்டவணையை மறுபதிப்பு செய்யத்தான், நோயாளிக்குக் கருவியைக் கொடுக்க அல்ல.

மௌனம் சம்மதம் என்கிற கணக்கு இங்கே எடுபடாது. கட்டுரையில் இருக்கும் பழைய முகவரியை விட்டுவிட்டு, அதே ஆசிரியர் கடைசியாக எழுதிய கட்டுரையின் முகவரிக்கு எழுதுங்கள். பிறகு இணை ஆசிரியர், பிறகு அவருடைய துறை. இரண்டு வார இடைவெளியில் இரண்டு நினைவூட்டல். அதற்கும் பதிலில்லையென்றால் வேறு கருவி தேடுவதே மேல். நோயாளி மருந்தைத் தவறாமல் சாப்பிடுகிறாரா என்று பார்க்கும் எம்.எம்.ஏ.எஸ்-8 அளவுகோலை உரிமமில்லாமல் பயன்படுத்திய கட்டுரைகள் வெளிவந்த பிறகு திரும்பப் பெறப்பட்டிருக்கின்றன.

மொழிபெயர்ப்பாளர்:

மொழிபெயர்ப்பு தனிச் சங்கதி. மூலத்தைப் பயன்படுத்த அனுமதி இருப்பதால் தமிழில் பெயர்க்க அனுமதி இருப்பதாகாது. ஏற்கெனவே ஒருவர் தமிழாக்கியிருந்தால் அந்த மொழிபெயர்ப்பாளரிடமும் மூல உரிமையாளரிடமும், இரண்டு பக்கமும் கேட்க வேண்டும். உரிமையாளருக்குத் தெரியாமல் செய்த தமிழாக்கம் கையில் கிடைத்தால் அதைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

அனுமதி கிடைத்தபின் அவர்கள் கேட்கும் முறைப்படிதான் செய்ய வேண்டும். 2005-ல் இஸ்போர் என்ற சர்வதேச ஆய்வுச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில் பத்துப் படிகள் உண்டு: இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர்ப்பது, இரண்டையும் ஒன்றாக்குவது, மூலத்தைப் பார்க்காத ஒருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது, 5 முதல் 8 நோயாளிகளிடம் வாசித்துக் காட்டி அவர்கள் என்ன புரிந்துகொண்டார்கள் என்று கேட்பது என்று போகும். நோயாளிகளிடம் கேட்கும் இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள்தான் மாட்டுகிறார்கள். "சோர்வு" என்று எழுதினால் பாதிப்பேர் உடல் களைப்பையும் மீதிப்பேர் மனம் வாடுவதையும் சொல்வார்கள். "கடந்த வாரம்" என்றால் சிலர் போன திங்கள் முதல் ஞாயிறு வரை எண்ணுவார்கள். "கடந்த 7 நாட்களில்" என்றால் குழப்பமில்லை. இந்த மாற்றத்தையும் உரிமையாளருக்கு எழுதி ஒப்புதல் வாங்கியே செய்ய வேண்டும்.

தமிழ் வடிவத்தின் உரிமை யாருக்கு என்பதைப் பெயர்க்கத் தொடங்கும் முன்பே கேளுங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அது மூல உரிமையாளருக்கே போகும். ஆறு மாதம் உழைத்தபின் தெரிந்தால் மனசு வலிக்கும்.

தரவு மேலாளர்:

அச்சிடும்போது ஒன்று. இ.க்யூ-5டி-யின் நிற்கும் அளவுகோல் தாளில் 20 செ.மீ., 0 முதல் 100 வரை. பிரிண்டரில் "ஃபிட் டு பேஜ்" தேர்ந்திருந்தால் 18-க்கு வந்துவிடும். முதல் தாளிலேயே அடிக்கோல் வைத்து அளந்துவிடுங்கள். அடியில் உள்ள பதிப்புரிமை வரியையும் வடிவ எண்ணையும் வெட்டாதீர்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் ஓரம் வெட்டும்போது முதலில் போவது அதுதான்.

டேப்லெட்டில் போட்டால் பல உரிமையாளர்கள் ஒவ்வொரு திரையின் படமும் கேட்பார்கள். ஒப்புதல் வரும் முன் நோயாளி கையில் கொடுக்காதீர்கள். ஆய்வேட்டை இணையக் களஞ்சியத்தில் ஏற்றுமுன் பின்னிணைப்பில் முழுக் கேள்வித்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அனுமதிக் கடிதத்தை வையுங்கள். மின்னஞ்சலை அப்படியே பி.டி.எஃப் ஆக்கி, தேதியும் வடிவ எண்ணும் கோப்பின் பெயரிலேயே போட்டு வைத்தால், இதழ் ஆசிரியர் கேட்கும் நாளில் தேட வேண்டியிருக்காது.