அம்மாவுக்கு பிரெஸ்ட் கேன்சர் ட்ரீட்மென்ட் முடிஞ்சிருச்சு, சாப்பாட்டுல எதை நிறுத்தணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க

திருப்பூர்_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. அம்மாவுக்கு 58 வயசு. இடது பக்கம் கட்டி வந்து ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன்னு எல்லாம் முடிஞ்சு இப்ப தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை மட்டும் ஓடிட்டு இருக்கு. ரிப்போர்ட்ல ஈஆர் பாசிட்டிவ்னு போட்டிருக்கு, ஹார்மோன்ல வளர்ற வகைன்னு சொன்னாங்க. மாத்திரையெல்லாம் கரெக்டா போட்டுக்கறாங்க, தலைவலியே சாப்பாட்டுலதான். பாக்க வர்றவங்க ஆளுக்கு ஒண்ணா சொல்லிட்டு போறாங்க. பெரியம்மா வந்து மீல்மேக்கர்ல பொம்பள ஹார்மோன் இருக்கு அதை வீட்டுக்குள்ளயே விடாதன்னாங்க, சித்தப்பா பாலை நிறுத்துன்னாரு, பக்கத்து வீட்டு அக்கா பிராய்லர் கோழி தின்னுதான் இப்படி ஆச்சுன்னு அம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாங்க, அன்னைக்கு ராத்திரி அம்மா சோத்துல கையே வைக்கல. வாட்ஸப்ல வேற சர்க்கரைதான் கேன்சருக்கு தீனின்னு ஒரு வீடியோ சுத்துது. இப்ப காபி கிடையாது தயிர் கிடையாது முட்டை கிடையாது, மூணு வேளையும் ரசஞ்சோறு, கொஞ்சம் கீரை, அவ்வளவுதான். ஆனா வெயிட்டு மட்டும் குறையல, 5 அடி உயரத்துக்கு 71 கிலோ. டாக்டர்கிட்ட கேட்டா எல்லாம் சாப்பிடலாம்மான்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டு அடுத்த டோக்கனை கூப்பிடறாங்க. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

இயற்கை_வழி:
கவலைப்படாதம்மா. முள்சீத்தா இலை பத்து எடுத்து தண்ணில கொதிக்க வச்சு வெறும் வயித்துல கொடு, கீமோவை விட பல மடங்கு பவர்னு வெளிநாட்டுலயே ஒத்துக்கிட்டாங்க. வெள்ளை சர்க்கரை, பால், பிராய்லர் இந்த மூணும் விஷம். நம்ம பாட்டிங்க கேப்பங்கூழ் குடிச்சாங்க, அவங்களுக்கு இந்த நோய் வந்துச்சா?

மதுர_டயட்டீஷியன்:
கேன்சர் வார்டுல டயட் பாக்கற வேலைதான் எனக்கு, அதனால கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுத்துக்கங்க.

முதல்ல அந்த முள்சீத்தா கசாயத்தை தொடாதீங்க. கண்ணாடி டிஷ்ல வளத்த செல் மேல ஊத்தி பாத்த ரிசல்ட்டைத்தான் வாட்ஸப்ல கீமோவை விட பவர்னு சுத்த விடறாங்க, மனுஷங்க கிட்ட அப்படி எதுவும் நிரூபிக்கல. கரீபியன் பக்கம் குவாடலூப் தீவுல அந்தப் பழத்தையும் இலை டீயையும் வழக்கமா எடுத்துக்கிட்டவங்களுக்கு பார்கின்சன் மாதிரி நரம்பு நோய் அதிகமா இருக்குன்னு 1999லயே எழுதிட்டாங்க, அதுல இருக்கற அனோனாசின்ங்கற பொருள் மேலதான் சந்தேகம்.

மீல்மேக்கர் விஷயம். சோயால இருக்கறது ஐசோஃபிளேவோன், அது பொம்பள ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் சாயல்ல இருக்கும், ஆனா அதே வேலையை செய்யாது. இந்த பயம் எல்லா ஊர்லயும் இருந்துச்சு, அதனாலதான் ஷாங்காய்ல 5042 பேஷண்ட்டுங்களை தொடர்ந்து பாத்து 2009ல ரிசல்ட் வெளியிட்டாங்க. சோயா அதிகமா சாப்பிட்டவங்க கிட்ட நோய் திரும்பி வர்றது 32 சதவீதம் கம்மி, இறப்பு 29 சதவீதம் கம்மி, ஈஆர் பாசிட்டிவ் ஆளுங்களுக்கும் அப்படித்தான். இதை வச்சு சோயா மருந்துன்னு சொல்லிட முடியாது, அங்க சோயா சாப்பிடறவங்க மத்த விஷயத்துலயும் ஆரோக்கியமா இருந்திருக்கலாம், ஆனா விஷம்னு சொல்றவங்க வாதம் அதோட காலி. வாரம் ரெண்டு மூணு தடவை மீல்மேக்கரோ டோஃபுவோ தாராளமா போடுங்க, காஞ்ச மீல்மேக்கர்ல பாதிக்கு பாதி புரோட்டீன். சோயா எக்ஸ்ட்ராக்ட் மாத்திரை மட்டும் வேண்டாம்.

பால் நிறுத்தறதுதான் எனக்கு ரொம்ப கோவம் வர்ற விஷயம். லெட்ரோசோல் எலும்பை தேய்க்கற மாத்திரை, அதைப் போட்டுக்கிட்டே பாலையும் தயிரையும் நிறுத்தினா நாளைக்கு பாத்ரூம்ல லேசா வழுக்கினாக்கூட இடுப்பெலும்பு போயிரும். பால் பத்தி ஆராய்ச்சி எல்லாம் ஒரே பக்கம் பேசல, அமெரிக்காவுல அட்வென்டிஸ்ட்ங்கற கிறிஸ்தவ சபை ஆளுங்க கிட்ட எடுத்து 2020ல வந்த ஒண்ணுல பால் குடிச்சவங்களுக்கு ரிஸ்க் கூடன்னு வந்துச்சு, வேற பலதுல அப்படி வரல. அதுக்காக உங்கம்மா தயிரை விடத் தேவையில்ல. கேழ்வரகும் எள்ளும் சேத்துக்கங்க, கேழ்வரகு 100 கிராம்ல 350 மில்லிகிராம் பக்கம் கால்சியம் இருக்கு. எலும்பு எவ்வளவு பலமா இருக்குன்னு பாக்கற டெக்ஸா ஸ்கேன் எடுத்தாச்சான்னும் விட்டமின் டி பாத்தாச்சான்னும் கேட்டு வைங்க.

சர்க்கரை தீனிங்கறது வார்பர்க்னு ஒரு ஜெர்மன் சயின்டிஸ்ட் 1920கள்ல கண்டுபிடிச்சதை பாதி மட்டும் கேட்டுட்டு கிளப்பி விட்டது. கேன்சர் செல் குளுக்கோஸை அதிகமா இழுக்கும், உண்மைதான், கேன்சர் எங்க இருக்குன்னு பாக்கற பெட் (PET) ஸ்கேனே அதை வச்சுதான் எடுக்கறாங்க, ஆனா நீங்க காபில சர்க்கரை போடலைன்னாலும் சோத்துல இருந்து உடம்பு குளுக்கோஸ் செஞ்சுக்கும். உங்கம்மா காபிய விட்டுட்டு மூணு வேளையும் குமிச்சு வச்சு ரசஞ்சோறு சாப்பிட்டா என்ன பிரயோஜனம் சொல்லுங்க.

நீங்க போற போக்குல எழுதின அந்த 71 கிலோதான் இதுல பெரிய விஷயம். மெனோபாஸ் முடிஞ்ச பிறகு ஓவரி ஈஸ்ட்ரோஜன் சுரக்கறதை நிறுத்திரும், கொழுப்புல இருக்கற அரோமடேஸ்ங்கற என்சைம் வேற ஹார்மோனை எடுத்து ஈஸ்ட்ரோஜனா மாத்தும். லெட்ரோசோல் தடுக்கறதும் அதே என்சைமைத்தான். உயரத்துக்கு எடை சரியான்னு பாக்கற பிஎம்ஐ கணக்கு நம்ம ஆளுங்களுக்கு 23 தாண்டினாலே அதிக எடை, அம்மாவுக்கு 30 தாண்டுது. இப்ப இருக்கற சாப்பாட்டுல புரோட்டீனே இல்ல, சதை கரையும் கொழுப்பு அப்படியே நிக்கும். சோத்தை பாதியாக்கிட்டு அந்த இடத்துல பருப்பு, சுண்டல், முட்டை, மீன், மீல்மேக்கர் எது புடிக்குமோ அதை வைங்க, காய் நிறைய, தினம் அரை மணி நேரம் வேகமா நடக்கட்டும். பட்டினி போட்டு குறைக்கக் கூடாது, மெதுவா போதும்.

சேலம்_அம்மணி:
எனக்கும் இதே கேன்சர்தான், மாத்திரையெல்லாம் முடிச்சுட்டேன். கண்ணு, எங்க வீட்டுல நடந்தது இதுக்கு நேர் எதிர். கீமோல இளைச்சுட்டேன்னு உடம்பை தேத்தறோம்னு ஆரம்பிச்சாங்க பாரு, காலைல நெய் ஊத்தி கேசரி, பதினோரு மணிக்கு சத்து பவுடர் போட்ட பால், மத்தியானம் ஆட்டுக்கால் சூப்பு, சாயங்காலம் பஜ்ஜி, மாமியார் பக்கத்துலயே உக்காந்து தட்டு காலியாகற வரைக்கும் எந்திரிக்க மாட்டாங்க. பாசம்தான், என்ன சொல்றது. பழைய ஜாக்கெட் எதுவும் கை நுழையல, ஆபரேஷன் பண்ண பக்கம் கை வீக்கம் வேற. வெயிட்டைக் குறைன்னு பிசியோதெரபி பொண்ணு அதட்டினதுக்கு அப்புறம்தான் எல்லாம் அடங்குச்சு. உங்கம்மா முன்னாடி அதைத் தின்னதால வந்துச்சு இதைத் தின்னதால வந்துச்சுன்னு பேசறவங்களை வாசல்லயே காபி கொடுத்து அனுப்பு. அந்தப் பேச்சு மனசுல எவ்வளவு நாளு உக்காந்திருக்கும்னு எனக்குத் தெரியும்.

இயற்கை_வழி:
டயட்டீஷியன் மேடம், பாட்டி கேள்விக்கு பதிலே வரலையே?

மதுர_டயட்டீஷியன்:
வரேன் ஐயா. பாட்டி கூழ் மட்டுமா குடிச்சாங்க, லேட்டா வயசுக்கு வந்தாங்க, இருபதுக்குள்ள முதல் குழந்தை, மொத்தம் ஆறு ஏழு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வருஷம் தாய்ப்பால். 30 நாட்டு டேட்டாவை சேத்து 2002ல போட்ட கணக்குல ஒரு பிரசவத்துக்கு 7 சதவீதம், அதுக்கு மேல தாய்ப்பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாசத்துக்கும் 4.3 சதவீதம் ரிஸ்க் குறையுதுன்னு வந்துச்சு, பாட்டிக்கு அதைப் பெருக்கிப் பாருங்க. வயலு வேலைல வெயிட்டும் ஏறல. அதோட நிறைய பேரு இந்த நோய் வர்ற வயசு வரைக்கும் இருக்கவே இல்ல, வந்தவங்களும் மாருல கட்டின்னு வெளிய சொல்லாம மறைச்சே போயிட்டாங்க.

சாப்பாட்டுக்கு பங்கே இல்லன்னு நான் சொல்லல. அமெரிக்காவுல மெனோபாஸ் முடிஞ்ச 48,835 பேரை ரெண்டா பிரிச்சு ஒரு குரூப்புக்கு மட்டும் கொழுப்பைக் குறைச்சு காய் பழம் தானியம் கூட்டச் சொன்னாங்க. 2006ல பாத்தா பிரெஸ்ட் கேன்சர் வந்தது 9 சதவீதம்தான் கம்மி, தற்செயலாக்கூட இருக்கலாம்ங்கற அளவு. இருபது வருஷம் கிட்ட தொடர்ந்து பாத்தப்ப பிரெஸ்ட் கேன்சர்ல இறந்தது 21 சதவீதம் கம்மியா இருந்துச்சு. அவ்வளவு பெரிய மாத்தத்துக்கே இவ்வளவுதான்னா ஒரு தட்டு சில்லி சிக்கன் மேல பழி போடறது நியாயமா?

திருப்பூர்_பொண்ணு:
ரொம்ப ரொம்ப தேங்க்ஸ்ங்க மேடம், அம்மணி அக்காவுக்கும். அம்மாவுக்கு படிச்சே காட்டிட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. பிராய்லர் விஷயம் என் பொண்ணுக்காக கேக்கறேன், ஒன்பது வயசாகுது, ஹார்மோன் ஊசியால சீக்கிரம் வயசுக்கு வந்துருவாங்கங்கறாங்களே? அப்புறம் எனக்கும் வருமா?

பல்லடம்_ஃபார்ம்:
பண்ணை வச்சிருக்கேன்ங்க, நான் சொல்றேன். ஒரு ஷெட்டுல 5000 குஞ்சு, ஒவ்வொண்ணா புடிச்சு ஊசி போட ஆளுக்கு எங்க போறது, கிலோவுக்கு எங்களுக்கு நிக்கற காசுல ஹார்மோன் வாங்கினா நான் பண்ணைய பூட்டிட்டு போகணும். 42 நாள்ல ரெண்டு கிலோ தாண்டறதுக்கு காரணம் ரகமும் தீவனமும்தான். ஆன்டிபயாட்டிக் பத்தி கேட்டீங்கன்னா அது நியாயமான கேள்வி, தண்ணில கலக்கறவங்க இருக்காங்க.

மதுர_டயட்டீஷியன்:
அவர் சொல்றது சரி. பொண்ணுங்க சீக்கிரம் வயசுக்கு வர்றதுல குழந்தை வயசுலயே ஏறற எடைக்கு பங்கு இருக்கு, ஒரு வருஷம் முன்னாடி வந்தா பிரெஸ்ட் கேன்சர் ரிஸ்க் 5 சதவீதம் கூடும்னு 2012ல ஒரு பெரிய கணக்கு வந்துச்சு. அதனால கோழிக்குழம்பை நிறுத்தறதை விட ஓடி விளையாட விடுங்க, பாக்கெட் சிப்ஸையும் பாட்டில் ஜூஸையும் குறைங்க. உங்களைப் பத்தி: அம்மா தவிர வேற யாருக்காவது மார்பகத்துலயோ ஓவரிலயோ இருந்துச்சான்னு ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டு டாக்டர்கிட்ட சொல்லுங்க, தேவைன்னா இது பரம்பரையா வர்றதான்னு பாக்கற பிஆர்சிஏ ஜீன் டெஸ்ட் எழுதுவாங்க, மேமோகிராம் எந்த வயசுல ஆரம்பிக்கணும்னும் கேட்டுக்கங்க. சாப்பாட்டு லிஸ்ட்ல ரிஸ்க் கூட்டும்னு சந்தேகமே இல்லாம நிரூபணமானது ஒண்ணே ஒண்ணு, ஆல்கஹால், அதுல ஒயினும் அடக்கம். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கான்னு கேக்கல, இதைப் படிக்கற ஐடி பொண்ணுங்களுக்காக எழுதறேன்.

சேலம்_அம்மணி:
மேடம், மஞ்சள் கேப்சூல்னு ஒண்ணு மகன் ஆன்லைன்ல வாங்கி வச்சிருக்கான், எடுக்கலாமா?

மதுர_டயட்டீஷியன்:
குழம்புல போடற மஞ்சளுக்கு ஒண்ணும் இல்லம்மா, கேப்சூல் வேற. பெரும்பாலும் மிளகு சத்து பைப்பரினும் சேத்து வரும், இதே நோய்க்கு கொடுக்கற டாமோக்சிஃபென்ங்கற மாத்திரை போடறவங்களுக்கு அந்த ஜோடி ரத்தத்துல மருந்தோட அளவையே குறைக்குதுன்னு 2019ல பாத்திருக்காங்க. உங்களுக்கு மாத்திரை முடிஞ்சிருச்சு, இருந்தாலும் பிரஷர் சுகர்னு வேற ஏதாவது ஓடுதுன்னா டப்பாவையே எடுத்துட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டிட்டு அப்புறம் பிரிங்க.