காப்பர் + நைட்ரிக் ஆசிட் பேலன்ஸ் ஆகவே மாட்டேங்குது, அவசரம்!!

கடைசிபெஞ்ச்: நாளைக்கு டெஸ்ட். காப்பரும் நைட்ரிக் ஆசிட்டும் சேர்ற சமன்பாடு, ஒரு மணி நேரமா போட்டுப் பாக்குறேன், நைட்ரஜன சரி பண்ணா ஆக்சிஜன் இடிக்குது, அத சரி பண்ணா ஹைட்ரஜன் மிஞ்சுது. விடை மட்டும் சொல்லுங்க ப்ளீஸ்

குடுவை: வலது பக்கம் என்னென்ன இருக்கு? ஆசிட் நீர்த்ததா அடர்வா?

கடைசிபெஞ்ச்: நைட்ரிக் ஆசிட்தாங்க. காப்பர் நைட்ரேட், தண்ணி, அப்புறம் ஒரு கேஸ்

ரசவாதி: "ஒரு கேஸ்"! பேரே தெரியாத கேஸ எப்படித் தம்பி எண்ணுவ? கேக்குறதுக்கு முன்னாடி புத்தகத்தத் தொறக்குற பழக்கமெல்லாம் போயே போச்சு.

புகைமூட்டம்: நைட்ரஜன் டை ஆக்சைடுதான் ப்ரோ, சந்தேகமே வேணாம். லேப்ல பழுப்புப் புகைய கண்ணால பாத்திருக்கேன். காப்பர், ஆசிட், காப்பர் நைட்ரேட், கேஸ், தண்ணின்னு வரிசையா 1, 4, 1, 2, 2 போடு

குடுவை: அது அடர் ஆசிட்டுக்கு. நீர்த்ததுல வர்றது நைட்ரிக் ஆக்சைடு (என்ஓ), அதுக்கு நிறமே கிடையாது, காத்து பட்டதும் டை ஆக்சைடா மாறிப் பழுப்பாயிடும். நீங்க டியூப் வாய்ப்பக்கம் பாத்திருப்பீங்க.

கடைசிபெஞ்ச்: நீர்த்ததுன்னுதான் போட்டிருக்கு, என்ஓ. நைட்ரேட்டோட என்ஓ3ல அந்த 3ஐ 2ஆ மாத்தியும் பாத்தேன் வரல

குடுவை: ஐயோ, கீழ இருக்குற எண்ணத் தொடாதீங்க, பொருளே வேறயாயிடும்! முன்னாடி போடுற எண் மட்டும்தான் நம்ம கையில. இங்க ஆசிட்டுக்கு ரெண்டு வேலை, அதான் குழப்புது. காப்பர் 2 எலக்ட்ரான் விடுது, நைட்ரஜன் ஆக்சிஜனேற்ற எண் (எலக்ட்ரான் கணக்கு) +5லேர்ந்து +2க்கு வர 3 வாங்குது. அப்போ காப்பர் 3, என்ஓ 2. அந்த 3 காப்பரும் 6 நைட்ரேட்டப் பிடிச்சு வெச்சுக்கும், 6ம் 2ம் சேத்து ஆசிட் 8, தண்ணி 4. ஆக்சிஜன எண்ணிப் பாருங்க, ரெண்டு பக்கமும் 24.

எக்ஸ்ஒய்: எதுக்கு இவ்ளோ சுத்து? என்ஓக்கு 1 வெச்சா காப்பர் ஒன்றரை, ஆசிட் 4, தண்ணி 2. எல்லாத்தையும் ரெட்டிப்பாக்கினா முடிஞ்சுது, எலக்ட்ரானே தேவையில்ல

ரசவாதி: ஒன்றரை காப்பர் அணுவா, எந்தக் கத்தியால வெட்டினீங்க?

எக்ஸ்ஒய்: ஒன்றரை மோல் சார், அணுக்கள மொத்தமா எண்ணுற அளவு. தண்ணி உருவாகுற வெப்பம் எழுதும்போது ஆக்சிஜனுக்கு அரை போடுறோமே, அது மட்டும் எப்படி?

ரசவாதி: அது வெப்பக் கணக்கு. திருத்துறவங்க அரைக்கு அரை மார்க்தான் போடுவாங்க.

புகைமூட்டம்: ஆனா நான் பாத்த புகை டியூப் உள்ளயும் பழுப்பாதான் இருந்துச்சு

குடுவை: அப்போ அது அடர் ஆசிட்.

கடைசிபெஞ்ச்: வந்துருச்சு!! 3, 8, 3, 2, 4. தேங்க்ஸ். அடுத்த கணக்குல காப்பருக்குப் பதிலா ஜிங்க், அதே கேஸ்தானே?

குடுவை: இருங்க, அப்படியே போட்டுடாதீங்க. ஜிங்க்னா ஆசிட் நீர்க்க நீர்க்க கேஸ் மாறும், ரொம்ப நீர்த்தா அமோனியம் நைட்ரேட்டே வரும். கேள்வில என்ன போட்டிருக்கு?

குடுவை: இருக்கீங்களா?