பாய்லருக்கு வாங்கிய சவுக்கு விறகு பற்றவே மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

முத்தியால்பேட்டை மருமகள்:

எங்கள் வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். பின்கட்டில் மாமனார் காலத்துச் செம்பு பாய்லர் ஒன்று இருக்கிறது. நடுக்குழாயில் விறகு எரியும், மேலே புனலில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்துக் குழாயில் வெந்நீர் கொட்டும், அந்த வகை. அத்தைக்கு மூட்டுவலி. கரண்ட் ஹீட்டர் குளியலறையில் இருந்தாலும், குளிர்காலத்தில் பாய்லர் தண்ணீர்தான் வேண்டும் என்பார். 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் இங்கே கரையைக் கடந்து கரண்ட் போனபோது தெருவில் வெந்நீர் கேட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். அதனால் இதை விட எனக்கும் மனமில்லை.

ஐப்பசி மழை தொடங்கிய பிறகு விறகுக் கடையில் சொல்லி அரை டன் சவுக்கு குட்டியானையில் வந்து இறங்கியது. நல்லா காய்ந்தது என்றுதான் சொன்னார்கள். ஆனால் பற்றவே மாட்டேன் என்கிறது. ஒரு முனையைப் பற்ற வைத்தால் மறுமுனையில் நுரை கட்டிக்கொண்டு உஸ்ஸென்று சீறுகிறது. பின்கட்டு முழுக்கப் புகை, கொடியில் காயும் துணியெல்லாம் புகை வாடை. கடையில் கேட்டால் "சவுக்கு பச்சையாவே எரியும்மா, ஊதி விடுங்க" என்கிறார்கள்.

இந்த அரை டன்னை இப்போது என்ன செய்வது? அடுத்த முறை காய்ந்த விறகை எப்படிப் பார்த்து வாங்குவது? பழைய அலமாரியின் பிளைவுட் பலகை மாடியில் கிடக்கிறது. கடற்கரையில் ஒதுங்கும் கட்டையும் சும்மாவே கிடைக்கிறது. அதையெல்லாம் எரிக்கலாமா?

கெடிலக்கரை:

தங்கச்சி, நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூர். எங்கள் அப்பா விறகுத் தொட்டி வைத்திருந்தார், நானும் தராசு பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முனையில் வரும் அந்த நுரை முழுக்கத் தண்ணீர். வெட்டிய கையோடு மரத்தைத் தராசில் வைத்தால் கிட்டத்தட்டப் பாதி எடை தண்ணீர்தான். உங்கள் 500 கிலோவில் 45 சதம் ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒழுங்காக எரியும் அளவுக்கு, அதாவது 20 சதத்துக்குக் காய்ந்தால், 345 கிலோதான் மிஞ்சும். மீதி 155 கிலோ தண்ணீரை விறகு விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். அது மட்டுமா, அந்தத் தண்ணீரை ஆவியாக்கி விரட்டவும் உங்கள் விறகுதான் எரிய வேண்டும். ஈரம் வெளியேறும் வரை கட்டையின் உள்பக்கம் 100 டிகிரியைத் தாண்டாது. மரத்திலிருந்து கிளம்பும் வாயு முழுசாக எரிய அதைப்போலப் பல மடங்கு சூடு வேண்டும். சூடு போதாவிட்டால் அந்த வாயு எரியாமலே வெளியே போகிறது. உங்கள் கண்ணைக் கரிக்கும் புகை அதுதான்.

"சவுக்கு பச்சையாவே எரியும்" என்பது பொய்யில்லை. செங்கல் சூளையிலும் கல்யாண வீட்டுக் கோட்டை அடுப்பிலும் எரியும். அங்கே முதலிலேயே பெரிய தணல் இருக்கும், காற்றும் தாராளமாக ஓடும். பாய்லரின் குழாய் ஒரு சாண் அகலம், சுற்றிலும் குளிர்ந்த தண்ணீர். அங்கே பச்சை விறகு எடுபடாது. கடைக்காரர் இதைச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பார்த்து வாங்குவது பெரிய வித்தையில்லை. வெட்டு முகத்தைப் பாருங்கள். காய்ந்த கட்டையில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை நகத்தால் நெம்பினாலே கழன்று வரும். இரண்டு கட்டையை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது கணீரென்று பேசும், பச்சை சொத்தென்று விழும். ஆனால் வெளிப்பக்கம் வெயிலில் காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும் கட்டை இதிலெல்லாம் தப்பிவிடும். அதனால் கடையிலேயே தடிமனான கட்டை ஒன்றைப் பிளந்து தரச் சொல்லுங்கள். பிளந்த உள்முகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று ஒட்டினால் வாங்காதீர்கள். அப்பா அப்படித்தான் பார்ப்பார். லோடு இறங்கும்போது அடுக்கின் அடியிலிருந்து ஒன்றை உருவி, பிளக்கச் சொல்லி, கன்னத்தில் வைத்துவிட்டுத்தான் விலை பேசுவார்.

காய்ந்தது கிடைக்காவிட்டால் பச்சையையே வாங்கலாம், ஆனால் பச்சை விலைக்கு, அதுவும் மாசி பங்குனியில். கடலூரிலிருந்து மரக்காணம் வரைக்கும் கரையோர மணலில் சவுக்குத் தோப்புகள்தான். நட்டு மூன்றிலிருந்து ஐந்து வருஷத்தில் வெட்டுவார்கள். நேரான மரம் காகித ஆலைக்கும் சாரம் கட்டவும் போகும். கிளை, மிலாறு, தூர்க்கட்டை விறகுக்கு வரும். கேட்டால் தோப்பிலிருந்தே இறக்கித் தருவார்கள். வந்த வாரமே மணிக்கட்டு கனத்துக்குப் பிளந்துவிடுங்கள், நாள் ஆனால் சவுக்கு இறுகிக் கோடாலிக்கு மசியாது. பட்டை வழியாக ஈரம் அவ்வளவாக வெளியேறாது, பிளந்த முகம் வழியாகத்தான் போகும். கத்திரி வெயிலும் ஆடிக்காற்றும் பட்டால் ஐப்பசிக்குள் தயார்.

அடுக்கும்போது கீழே செங்கல் வைத்து அதன்மேல் இரண்டு பனஞ்சட்டம் போடுங்கள். தரையில் அடுக்கினால் கரையான் வரும். சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி, மேலே மட்டும் தகரம். தார்ப்பாயால் நாலு பக்கமும் போர்த்தினால் உள்ளேயே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். கடல் காற்று எப்போதும் ஈரம்தான், ஆனாலும் காற்று ஊடுருவினால் காய்ந்துவிடும். இருட்டில் அடுக்குக்குள் கைவிட வேண்டாம், விரியன் சுருண்டு படுக்கும் இடம் அது.

இப்போது இருப்பதைச் சிறு சிறு சிம்பாகப் பிளந்து மழை படாத, காற்றோடும் தாழ்வாரத்தில் நிற்க வையுங்கள். நாளைக்கு எரிக்க வேண்டியது இன்று அடுப்புக்குப் பக்கத்தில் இருக்கட்டும், தொடும் தூரத்தில் வேண்டாம். முதலில் பன்னாடை, தென்னம்பாளை, நாலு கொட்டாங்குச்சி. அது கங்கு கட்டிய பிறகு சவுக்குச் சிம்பு ஒன்று. அது பிடித்ததும் அடுத்தது. குழாயை அடைக்காதீர்கள், அடிச் சாம்பலை வழித்துவிட்டுப் பற்ற வையுங்கள்.

பிளைவுட் வேண்டவே வேண்டாம். அதன் பசையும் மேலே ஒட்டிய மைக்காவும் எரிந்தால் விஷப்புகை. பெயின்ட் அடித்த மரமும் அப்படியே. கடற்கரைக் கட்டை உப்பில் ஊறியது, புகையும் கெடுதல், தகரப் புகைக்குழாயையும் செம்பையும் அரித்துவிடும். உடைந்த ஃபைபர் படகுத் துண்டு அதோடு கலந்து கிடந்தால் தொடவே வேண்டாம்.

பலாத்தோப்பு:

பண்ருட்டியிலிருந்து. கெடிலக்கரை அண்ணன் சொன்னது எல்லாம் சரி. 2011 டிசம்பர் 30 தானே புயலில் எங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்புறம் எங்கே பார்த்தாலும் முந்திரி விறகுதான். காய்ந்த முந்திரிக் கட்டை நன்றாகவே எரியும், ஆனால் சவுக்கு மாதிரி நின்று எரியாது. முந்திரிக் கொட்டைத் தோலை மட்டும் யார் மலிவாகக் கொடுத்தாலும் வீட்டில் எரிக்காதீர்கள். அதிலுள்ள எண்ணெய் தோலில் பட்டாலே புண்ணாகும், புகை தொண்டையை அறுக்கும். மற்றபடி வேலிக்காத்தான் கட்டை கிடைத்தால் விடாதீர்கள். முள்ளைக் கழித்துக் கொடுத்தார்கள் என்றால் சவுக்குக்குச் சளைத்ததில்லை, தணலும் நெடுநேரம் தங்கும்.

அரியாங்குப்பம் அக்கா:

விறகைப் பற்றி அவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் குழாயைப் பற்றிச் சொல்கிறேன்மா. ஈர விறகு எரித்த வீட்டில் புகைக்குழாயின் உள்ளே தார் மாதிரி கருப்பாக ஒட்டியிருக்கும். அது இருந்தால் புகை மேலே ஏறாது, காய்ந்ததும் தீப்பிடிக்கவும் செய்யும். நெருப்பு முழுக்க ஆறிய பிறகு குழாயைக் கழற்றி, கம்பில் சாக்கு சுற்றி உருவிப் பாருங்கள். உங்கள் புகைக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம்.

அப்புறம் ஒன்று, இதை எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள். குளிர், மழை என்று பாய்லரைக் குளியலறைக்குள் இழுத்து வைத்துக் கதவைச் சாத்தக் கூடாது. கார்பன் மோனாக்சைடு நிறமும் இல்லாதது, வாடையும் இல்லாதது. தலை சுற்றி விழுந்த பிறகுதான் தெரியும். வயசானவர் தனியாகக் குளிக்கும் வீட்டில் இன்னும் கவனம் வேண்டும். உங்களுடையது பின்கட்டில் இருப்பது நல்லது, அங்கேயே இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் பற்ற வைக்காதீர்கள், ஈயப்பற்று விட்டுவிடும். வெந்நீர் வரும் வாயைத் துணி வைத்து அடைப்பதும் ஆபத்து, ஆவி போக வழி வேண்டும்.

முத்தியால்பேட்டை மருமகள்:

மூன்று பேருக்கும் நன்றி. ஒரு கட்டையைப் பிளந்து கன்னத்தில் வைத்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. புகைக்குழாயைக் கழற்றியதில் உள்ளே பிசுபிசுவென்று கருப்பு, விரல் கனத்துக்கு. சுத்தம் செய்து கொட்டாங்குச்சியோடு சிம்பாகப் போட்டு எரித்ததில் புகை பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அத்தை இன்று மனம் நிறையக் குளித்தார். பக்கத்து வீட்டில் அரளியும் முருங்கையும் வெட்டிப் போட்டிருக்கிறார்கள், எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். எடுக்கலாமா கெடிலக்கரை அண்ணா?

கெடிலக்கரை:

அரளி கூடவே கூடாது தங்கச்சி. இலை, பூ, கட்டை எல்லாமே விஷம், புகையும் விஷம். கொளுத்தாமல் குப்பை வண்டியில் போடச் சொல்லுங்கள். முருங்கையில் விஷமில்லை, ஆனால் காய்ந்தால் தக்கை, எரிந்தால் சாம்பல், சூடு நிற்காது. கொல்லையில் ஓரமாகப் போட்டு மக்க விடுங்கள்.

சாம்பல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சவுக்குச் சாம்பல் தென்னைக்கும் வாழைக்கும் நல்லது, சாம்பல் சத்து அதில் இருக்கிறது. ஆனால் மேலே ஆறினாலும் உள்ளே கங்கு மறுநாள் வரை உயிரோடு இருக்கும். அதனால் பிளாஸ்டிக் வாளியில் அள்ளாமல் மூடி போட்ட தகர டப்பாவில் அள்ளி, விறகு அடுக்கிலிருந்து தள்ளி வையுங்கள். மறுநாள் கிளறிப் பார்த்துவிட்டு மரத்தடியில் போடலாம்.