பாய்மரப் படகில் ஃபோன் ஆப் மட்டும் போதுமா, சார்ட்பிளாட்டர் வாங்கத்தான் வேண்டுமா?

கரைசேராதவன்:

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் சவுத்தாம்டன் பக்கம் ஹாம்பிள் ஆற்றில் கிடக்கும் வெஸ்டர்லி சென்டார் என்ற ஒரு பழைய பாய்மரப் படகில் நண்பர் ஒருவரோடு பாதிப் பங்கு வாங்கியிருக்கிறேன். 26 அடி, இரட்டைக் கீல் (படகின் அடியில் நீளும் தகடு), எழுபதுகளில் கட்டியது. எனக்குச் சொந்த ஊர் திருச்சி. வேளாங்கண்ணிக்குப் போனால் கடலைப் பார்ப்போம், அவ்வளவுதான் பழக்கம். போன குளிர்காலத்தில் டே ஸ்கிப்பர் என்ற படகோட்டிப் பயிற்சியின் தியரியும், வசந்தத்தில் பிராக்டிகலும் முடித்தேன்.

படகோடு வந்த சார்ட்பிளாட்டர் (சார்ட் என்ற கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் கருவி) செத்துவிட்டது. திரை எரிகிறது, ஆனால் சாட்டிலைட் எதையும் பிடிக்கவில்லை. புதிது வாங்கி மாட்டக் கேட்ட விலைக்கு ஒரு புது ஜெனோவா பாயே தைத்துவிடலாம் போல. என் பங்காளி, "ஃபோன்ல நேவியானிக்ஸ் போட்டா முடிஞ்சுது" என்கிறார், அது ஒரு கடல் வரைபட ஆப். என்னிடம் ஒரு ஆண்ட்ராய்ட் ஃபோனும் வீட்டில் ஒரு ஐபேடும் இருக்கின்றன. இந்தக் கோடையில் வைட் தீவிலுள்ள யார்மத், பிறகு பூல் வரை போக ஆசை. அடுத்த வருடம் கால்வாயைத் தாண்டிப் பிரான்சில் ஷெர்பூர். கரையை விட்டுத் தள்ளிப் போய் சிக்னல் போனால் ஆப்பும் போய்விடுமா? ஆப்பை மட்டும் நம்பி சொலண்டில் (வைட் தீவுக்கும் இங்கிலாந்துக் கரைக்கும் நடுவிலுள்ள கடல்) ஓட்டுகிறவர்கள் இங்கே யாராவது உண்டா?

நீலாங்கரைக்காரி:

பூலில் படகு வைத்திருக்கிறேன். ஆப்போடுதான் ஓட்டுகிறேன்.

முதலில் அந்த ஐபேட் சிம் போடும் மாடலா, வைஃபை மட்டும் உள்ளதா என்று பாருங்கள். வைஃபை மாடலில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. வீட்டில் இருக்கும்போது அக்கம்பக்கத்து வைஃபையை வைத்து இடத்தைச் சரியாகக் காட்டும், நமக்குச் சந்தேகமே வராது. ஹாம்பிள் முகத்துவாரம் தாண்டினால் திரையில் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். சிம் மாடலில் சிப் உண்டு, உள்ளே சிம் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். உங்களுடையது வைஃபை மாடல்தான் என்றால் புளூடூத்தில் பேசும் ஒரு சின்ன ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கிக்கொள்ளலாம்.

இடம் அறிய ஃபோன் சிக்னல் தேவையில்லை. சார்ட்டுக்குத்தான் தேவை, அதுவும் முன்கூட்டியே இறக்கி வைக்காவிட்டால். கிளம்புவதற்கு முந்தின நாள் ஏர்பிளேன் மோடில் போட்டு, ஆப்பை மூடித் திறந்து, சொலண்டின் மேற்கு வாயிலில் இருக்கும் ஹர்ஸ்ட் முனையைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆழ எண்கள் வந்தால் சார்ட் உள்ளே இருக்கிறது. வெறும் நீலமாக இருந்தால் இல்லை.

அப்புறம் தண்ணீர். தொடுதிரைக்கு அலைத்துளியும் விரலும் ஒன்றுதான். சார்ட்டை அதுவாகவே இழுத்துக்கொண்டு எங்கோ போய்விடும். தண்ணீர் தாங்கும் என்று ஐபி68 குறி போட்டிருக்கிறதே என்று தைரியம் கொள்ள வேண்டாம், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது. சார்ஜ் துளையில் உப்புநீர் பட்டால் ஈரம் இருக்கிறது என்று சொல்லிச் சார்ஜ் ஏற மறுக்கும். வெப்பமும் ஒரு தொல்லை. ஐஃபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பே சுற்றுப்புறத்தில் 35 டிகிரி. இங்கிலாந்தில் அது எங்கே என்று சிரிக்காதீர்கள். ஜூலை மதிய வெயிலில் பிரகாசத்தை முழுக்க ஏற்றி, சார்ஜரையும் சொருகி வைத்தால் முதலில் திரை மங்கும், பிறகு ஆறும்வரை திறக்காது. என் ஃபோன் ஸ்ப்ரேஹுட் (அலைத்துளியைத் தடுக்கும் துணி மறைப்பு) நிழலில், உறைக்குள்தான் இருக்கும். காந்தம் வைத்த ஹோல்டர் வாங்கிச் சுக்கான் பக்கத்துத் திசைகாட்டியை ஒட்டி மாட்டிவிடாதீர்கள், திசைகாட்டி பொய் சொல்லும்.

வல்லையூரான்:

தம்பி, நான் போர்ட்ஸ்மத்தில் படகுகளுக்கு வயரிங் வேலை செய்கிறவன். பிளாட்டரைத் தூக்கி எறிவதற்கு முன் ஆண்டெனா வயர் வந்து சேரும் கனெக்டரைக் கழற்றிப் பாரும். பச்சை பிடித்திருந்தால் உமது வியாதி அங்கேதான். திரை எரிந்து சாட்டிலைட் மட்டும் இல்லை என்றால் நான் முதலில் பார்க்கிற இடம் அதுதான்.

சரி, ஆப்புக்கு வருவோம். நான் வல்வெட்டித்துறை. எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி 1938ல் அமெரிக்காவில் குளோஸ்டர் துறைமுகம் வரை பாய்விரித்துப் போய்ச் சேர்ந்தது. அதில் ஆப் இருந்ததா என்று கேட்டு உம்மை மடக்க வரவில்லை, எனக்கும் இப்போது ஃபோன் இல்லாமல் முடியாது. ஆனால் அந்தத் திரை ஒரு கேள்விக்குத்தான் நன்றாகப் பதில் சொல்லும்: நான் இப்போது எங்கே இருக்கிறேன். படகின் மூக்கை எங்கே திருப்பவேண்டும் என்பது வேறு கேள்வி. சொலண்டில் ஆட்கள் திணறுவது அங்கேதான்.

லிமிங்டனிலிருந்து யார்மத்துக்குக் குறுக்கே போவதாக வைத்துக்கொள்ளும். தூரம் 3 கடல் மைல், படகு 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) ஓடுகிறது, நீரோட்டம் குறுக்காக 2.5 நாட். ஆப்பில் யார்மத்தைத் தொட்டதும் நேர்கோடு போடும். மூக்கை யார்மத்தை நோக்கியே பிடித்துக்கொண்டு போனால் நீரோட்டம் பக்கவாட்டில் தள்ளத் தள்ள நீரும் திரும்பிக்கொண்டே இருப்பீர். திரையில் படகு வில் மாதிரி வளைந்து போகும், கடைசியில் நீரோட்டத்துக்கு நேர் எதிரே நின்று 2.5 நாட்டில் ஊர்ந்து வந்து சேருவீர். கிட்டத்தட்ட 48 நிமிடம். புறப்படும்போதே நீரோட்டம் வரும் பக்கமாக 30 டிகிரி திருப்பி வைத்தால் படகு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நேர்கோட்டிலேயே போகும், 42 நிமிடத்தில் முடியும். ஆறு நிமிடம் பெரிய விஷயமில்லை. எஞ்சின் படகென்றால் விட்டுவிடலாம். பாய்ப் படகுக்கு அந்தக் கடைசித் திசையில் காற்றும் எதிரே வந்துவிட்டால் நீர் யார்மத் போகவே மாட்டீர், பக்கத்தில் பார்த்துக்கொண்டே கீழே அடித்துப் போவீர். ஹர்ஸ்ட் இடுக்கில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீரோட்டம் 4 நாட்டுக்கு மேலே போகும். சென்டாரின் வேகத்துக்கு அது எவ்வளவு என்று நீரே கணக்குப் போடும்.

இதற்கும் ஆப் உதவும், கேட்கத் தெரிந்தால். பெரும்பாலான ஆப்களில் படகின் முன்னால் ஒரு கோடு நீளும், தரைமேல் நகர்கிற திசை அது, மூக்கின் திசையல்ல. மூக்கை மறந்துவிட்டு அந்தக் கோடு யார்மத் வாயில் விழும்வரை சுக்கானைத் திருப்பும். விழுந்ததும் திசைகாட்டியைப் பார்த்து அந்த எண்ணைப் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கண் திரையில் இருக்கவே கூடாது. யார்மத் துறை முனைக்குப் பின்னால் ஒரு வீட்டையோ மரத்தையோ வைத்து, இரண்டும் ஒரே வரியில் நிற்கிறதா என்று பாரும். விலகினால் உடனே தெரியும், ஆப்பைவிட வேகமாய்.

ஆட்டோ ரூட் என்று ஒன்று இருக்கும். கீல் ஆழத்தைக் கொடுத்தால் ஆழமான இடம் பார்த்துக் கோடு போட்டுத் தரும். அநேகமானவற்றுக்குக் காற்று எங்கிருந்து வருகிறதென்று தெரியாது. இங்கே தென்மேற்குதான் வழக்கமான காற்று. ஹாம்பிளிலிருந்து யார்மத் போக முழுக்க எதிர்க்காற்றில் மாறி மாறித் திரும்ப வேண்டும். அப்போது ஆப் சொல்லும் வந்துசேரும் நேரம் வெறும் கதை.

கால்ஷாட்டைத் தாண்டினால் பிராம்பிள் மணல்திட்டு. 2008 நவம்பரில் குயீன் எலிசபெத் 2 கப்பலே அந்தப் பக்கம் தட்டி நின்றது. 2015 ஜனவரியில் சாய்ந்துபோன ஹோ ஒசாகா என்ற கார் ஏற்றும் கப்பலை வேண்டுமென்றே அதில் ஏற்றி நிறுத்தினார்கள். உமக்கு 3 அடி ஆழம் போதும், திட்டு பெரிய பயமில்லை. பயம் அதைச் சுற்றித் திரும்புகிற கப்பல்கள். 150 மீட்டருக்கு மேல் நீளமான கப்பலுக்கு முன்னால் 1000 மீட்டர், இரண்டு பக்கமும் 100 மீட்டர், சின்னப் படகு நுழையக்கூடாத இடம். அந்த இடம் கப்பலோடு நகர்ந்துகொண்டே வரும். ஆட்டோ ரூட் கோடு நேராக அதற்குள்ளே போகும். விஎச்எஃப் ரேடியோவில் 12ம் சேனலில் சவுத்தாம்டன் விடிஎஸ் (கப்பல் போக்குவரத்தைக் கவனிப்பவர்கள்) பேசுவதைக் கேட்டுக்கொண்டு போம்.

அலைவாய்:

கப்பலில் செகண்ட் ஆபீசர், தூத்துக்குடிக்காரன். அண்ணன் நீவாடு, அதாவது நீரோட்டக் கணக்கை அழகாகச் சொல்லிவிட்டார். நான் ஜூம் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்கள் பிரிட்ஜில் இருக்கும் எக்டிஸ் என்ற மின்னணு சார்ட் கருவிக்குப் பாதுகாப்பான ஆழக் கோடு ஒன்றைச் சொல்லி வைத்தால், அதைக் கடக்கப் போகும் முன் அலறும். திரையை எவ்வளவு சிறிதாக்கி வைத்திருந்தாலும் அலறும். ஃபோன் ஆப்பில் அந்த மாதிரி நம்பி விட முடியாது. சிறிதாக்கினால் இடம் போதாமல் எண்களையும் பாறைகளையும் மறைத்துவிடும். 2014 நவம்பர் 29 அன்று வோல்வோ ஓஷன் ரேஸில் டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு மொரிஷியஸுக்கு வடகிழக்கே கார்காடோஸ் கராஜோஸ் பவளத்திட்டில் இரவில் 19 நாட் வேகத்தில் போய் ஏறியது. உலகத்தரமான மாலுமிகள், விலை உயர்ந்த கருவிகள். அவர்கள் பார்த்த ஜூம் அளவில் அந்தத் திட்டு ஆபத்தாகவே தெரியவில்லை. ஒன்பது பேரும் உயிரோடு வந்தது அதிர்ஷ்டம். ஆகையால் போகும் கோடு முழுவதையும் முந்தின இரவே பெரிதாக்கிக்கொண்டு, விரலால் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். சலிப்பான வேலைதான். எங்கள் கப்பலிலும் செய்கிறோம்.

இன்னொன்று, இணையத்தில் கப்பல் காட்டும் ஆப்கள். கரையிலுள்ள ரிசீவர் பிடித்து, இணையத்தில் ஏற்றி, உங்கள் ஃபோனுக்கு வருவதற்குள் கப்பல் எங்கேயோ போயிருக்கும். சில நிமிடப் பழைய இடத்தை வைத்து 20 நாட் கப்பலுக்குக் குறுக்கே போகாதீர்கள். படகில் சொந்தமாக ஏஐஎஸ் ரிசீவர் (கப்பல்கள் தங்கள் இடத்தை ரேடியோவில் சொல்வதை நேராகப் பிடிப்பது) இருந்தால் அது வேறு கதை.

ஜிபிஎஸ்ஸும் எப்போதும் உண்மை பேசும் என்று நினைக்க வேண்டாம். 2024ல் கிழக்கு மத்தியதரைக் கடலில் கப்பல்களை பெய்ரூட் விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டியது. சொலண்டில் அந்தத் தொல்லை இல்லை, இருந்தாலும் ஆழமானியைப் பார்க்கும் பழக்கம் இருக்கட்டும்.

கரைசேராதவன்:

எல்லோருக்கும் நன்றி. ஐபேட் வைஃபை மாடல்தான். ஏர்பிளேன் மோடில் பார்த்தேன், தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை.

வல்லையூரான் அண்ணா, ஷெர்பூர் போகும்போது இந்த 30 டிகிரி வித்தையை மணிக்கொருமுறை செய்ய வேண்டுமா? நீரோட்டம் மாறிக்கொண்டே இருக்குமே. சாவி நாவி என்ற ஆப் காற்று, நீரோட்டம் எல்லாம் பார்த்துத் திசை சொல்கிறதாம், அதை வாங்கினால் தீருமா?

வல்லையூரான்:

செய்யவே கூடாது, தம்பி. வைட் தீவின் மேற்கு முனை நீடில்ஸிலிருந்து ஷெர்பூர் ஏறக்குறைய 60 கடல் மைல், 5 நாட்டில் 12 மணிநேரம். அதில் சுமார் ஆறு மணிநேரம் நீரோட்டம் கிழக்கே தள்ளும், ஆறு மணிநேரம் மேற்கே. மணிக்கு மணி எழுதிக் கூட்டிக் கழித்தால் மிச்சம் சில மைல்தான் நிற்கும். அந்த மிச்சத்துக்கு மட்டும் திருத்தி, ஒரே திசையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். திரையில் உமது தடம் பெரிய பாம்பு மாதிரி நெளியும், ஆப் கோட்டை விட்டு விலகிவிட்டீர் என்று கத்தும், கத்தட்டும். கோட்டிலேயே நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு மணியும் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டினால் முதல் பாதியில் மல்லுக்கட்டித் தொலைத்தது போதாதென்று, இரண்டாம் பாதியில் நீரோட்டம் தானாகத் திருப்பித் தர இருந்ததையும் சேர்த்துத் தொலைப்பீர்.

சாவி நாவி அந்தக் கணக்கைப் போடும், நல்ல ஆப்தான். ஆனால் முதல் தடவை என்பி337 நீரோட்ட அட்லஸை வைத்து சொலண்டுக்குள் கையால் போட்டுப் பாரும், பிறகு ஆப் சொல்வதோடு ஒப்பிடும். ஆப் சொல்லும் பதில் தப்பா சரியா என்று மோப்பம் பிடிக்க உமக்கு அது வேண்டும். படகு 5 நாட் ஓடும் என்று நீர் கொடுத்து, அன்றைக்குக் காற்று விழுந்து 3 நாட் ஓடினால் அதன் கணக்கு முழுக்க மாறிவிடும். காசு செலவழிக்க மனமில்லாவிட்டால் மடிக்கணினியில் ஓபன்சிபிஎன் இலவசம், வீட்டில் திட்டம் போட அது போதும்.

என்னைக் கேட்டால் பிளாட்டர் காசை இப்போதைக்குத் தொடாதேயும். முதலில் டிஎஸ்சி (அவசர அழைப்புப் பொத்தான்) உள்ள நல்ல விஎச்எஃப் ரேடியோ. சிவப்புப் பொத்தானை அழுத்தினால் உமது இடம் கோஸ்ட்கார்டுக்கும் சுற்றியிருக்கிற படகுகளுக்கும் ஒன்றாகப் போகும். ஃபோனில் 999 அடித்தால் பக்கத்துப் படகுக்குக் கேட்காது. சென்டாரில் பழைய செட் இருந்தால் அதற்கு ஜிபிஎஸ் இடம் போகிறதா என்று திரையில் பாரும், பிளாட்டர் செத்ததோடு அதுவும் நின்றிருக்கலாம். பிறகு இரண்டாவது ஃபோன், பழையது போதும், அதே சார்ட் இறக்கி, அணைத்து, ஈரம் புகாத பையில் கீழே. ஒரு காகித சார்ட். மணிக்கொருமுறை நோட்டில் இடம், நேரம், திசை, லாக் எண் (ஓடிய தூரம்). ஃபோன் படுத்தால் அந்தக் கடைசி வரியிலிருந்து பென்சிலால் தொடங்கலாம். இதெல்லாம் முடித்து மிச்சம் இருந்தால் பிளாட்டர் வாங்கும், நானே வந்து மாட்டித் தருகிறேன், தேத்தண்ணி மட்டும் தந்தால் போதும்.

நீலாங்கரைக்காரி:

அண்ணா விஎச்எஃப் பற்றிச் சொன்னதால் ஒன்று. ஃபோன் சார்ஜ் செய்ய 12 வோல்ட்டில் சொருகும் மலிவான யுஎஸ்பி சார்ஜர்கள் சில ரேடியோவில் இரைச்சல் கிளப்பும், தூரத்துப் பேச்சு அதில் மூழ்கிவிடும். யாரும் பேசாத ஒரு சேனலில் ஸ்குவெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) இரைச்சல் நிற்கும் இடம் வரை திருப்பி வையுங்கள். இப்போது சார்ஜரைச் சொருகி ஃபோனை மாட்டுங்கள். மறுபடி இரைச்சல் வந்தால் அந்தச் சார்ஜரைக் காரில் வைத்துக்கொண்டு படகுக்கு வேறு வாங்குங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போடுகிறவர் என்றால் ஃபோனைக் குறுக்கேயும் நெடுக்கேயும் திருப்பிப் பார்த்துவிட்டு ஹோல்டரை மாட்டுங்கள், சில ஃபோன்கள் ஒரு பக்கம் திருப்பினால் கறுப்பாகத்தான் தெரியும்.