பஞ்சுக் குச்சி தொட்ட இடம்: இடுப்பு, பெண்ணுறுப்பு வலி குறித்த அனுபவங்கள்

கயல் (மகளிர் மருத்துவம்)
14 மாதத்தில் ஒன்பது முறை பூஞ்சை மாத்திரை. கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை ஒன்றுகூட எடுக்கவில்லை. அப்படித்தான் வந்தார் அந்த 27 வயதுப் பெண். யோனியை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவியை நான் எடுக்கவே இல்லை. ஈரப் பஞ்சுக் குச்சியால் தொடையில் ஆரம்பித்து, வெளி இதழ், உள் இதழ், பிறகு யோனிவாயைக் கடிகார முகம்போல் வைத்து (முன்பக்கம் 12, ஆசனவாய்ப் பக்கம் 6) ஒவ்வொரு மணியாக மெல்லத் தொட்டு, வலிக்கு 0 முதல் 10 வரை எண் சொல்லச் சொன்னேன். தொடையில் 0. 12 மணியில் 1. 5 மணியில் தொட்டதும் மேசைமேல் விரித்த தாளைப் பிடித்துக் கிழித்துவிட்டார். 8. "இதே இடம்தான் டாக்டர், இதுவரைக்கும் யாரும் தொட்டுப் பாக்கல." அந்தக் கிழிந்த தாள் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. க்ரீம்களை எல்லாம் நிறுத்தி, இரவில் மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் 5% களிம்பு கொடுத்து, பிசியோவுக்கு அனுப்பினேன்.

தேன்மொழி (இடுப்புத்தள பிசியோ)
"பிசியோவுக்கு அனுப்பினேன்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே, டாக்டர். சீட்டில் "இடுப்புத்தளப் பயிற்சி" என்று மட்டும் இருந்தால் பல இடங்களில் இடுப்பின் அடியில் தாங்கும் தசைகளை இறுக்கும் கீகல் பயிற்சிதான் சொல்லித்தருவார்கள். அப்படித் தினம் 100 முறை இறுக்கிவிட்டு, முன்பைவிட மோசமாகி வந்தார் ஒருவர். உறையிட்ட ஒரு விரலைப் பக்கச் சுவரில் வைத்து, "முழங்காலை வெளிப்பக்கமாக என் கைக்கு எதிரே தள்ளுங்கள்" என்றதும் உள்ளே அப்டுரேட்டர் தசை (இடுப்பு மூட்டைத் திருப்பும் தசை) விரலடியில் எழும்பியது. "இடுப்பு மூட்டு வலின்னு சொன்னேனே, அது இதுதான்!" என்றார். ஸ்கேனில் இது தெரிந்திருக்காது.

12 மணியில் 1, 5 மணியில் 8 என்றால் வலி பின்பாதியில். தசை இறுக்கத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சுற்றிலும் ஒரே மாதிரி வலித்தால் கருத்தடை மாத்திரை, பாலூட்டல், மாதவிடாய் நிற்றல் என்று ஹார்மோன் பக்கம் கேளுங்கள்.

வீட்டில் செய்ய: படுத்து முழங்கால்களை மடித்து, 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை விட வேண்டும். இழுக்கும்போது அடிவயிறு மேலெழும்புவதையும் இடுப்புத்தளம் கீழே இறங்குவதையும் உணர வேண்டும். காலை, மாலை 5 நிமிடம். இது பழகாமல், யோனியை மெல்லப் பழக்கும் குழல் வடிவ டைலேட்டரைத் தொடாதீர்கள். பிறகு மிகச் சிறிய அளவு, 5 முதல் 10 நிமிடம், வலி 3-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் அப்படியே நிறுத்தி மூச்சு விடுங்கள், தள்ளாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த அளவுக்குத் தாவினால், நுழைவு என்றாலே வலி என்று மூளை இன்னும் உறுதியாகக் கற்றுக்கொள்ளும். சிலிகான் டைலேட்டருக்குத் தண்ணீர் அடிப்படையிலான ஜெல்தான். சிலிகான் ஜெல் அதன் மேற்பரப்பைக் கெடுத்துவிடும்.

யாழினி (உளவியல்)
எல்லாம் பார்த்த பிறகு, கடைசியாக "மனநல ஆலோசனை" என்று எழுதிய சீட்டோடு வந்தவர், அதை நான்காக மடித்து உள்ளங்கையிலேயே வைத்திருந்தார். "அப்போ வலி பொய்யாங்க?" என்றார். பிசியோவுக்கு எழுதும் அதே நாளில் எங்களுக்கும் எழுதுங்கள். அப்போது இந்தக் கேள்வியே வராது. வலி அடங்கும்வரை நுழைவு வேண்டாம், மற்றத் தொடுதல் தொடரட்டும் என்று துணைவரோடு பேசி முடிவெடுப்பதும் முதல் வாரத்திலேயே நடக்க வேண்டியது.

நிலவன் (வலி மருத்துவம்)
தேன்மொழி, எல்லாமே தசை இல்லை. உட்கார்ந்தால் வலி என்று நின்றுகொண்டே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன ஒருவர், கழிப்பறை இருக்கையில் மட்டும் வலி குறைகிறது என்றார். அது பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதிக்குச் செல்லும் பியூடென்டல் நரம்பின் பக்கம் பார்க்கச் சொல்லும் குறிப்பு. நீங்கள் சொன்ன மூச்சுப் பயிற்சி சரிதான். ஆனால் நாங்கள் இரவில் நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் மாத்திரையை 10 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றும்போது மலச்சிக்கல் வரலாம். முக்கினால் நீங்கள் தளர்த்திய தசை மறுபடி இறுகும். ஆகவே மாத்திரை எழுதும் அன்றே கழிப்பறையில் காலுக்குக் குட்டி ஸ்டூல், மலமிளக்கி, உங்களுக்கு ஒரு போன்.

கயல்
அந்தப் பெண்ணுக்கு அமிட்ரிப்டிலின் போன வாரம் தொடங்கியாயிற்று, மலமிளக்கி எழுதவில்லை. இப்போதே கூப்பிடுகிறேன்.